மாதிரிக் கலங் கட்டுதல்

ஓய்வுப் பொழுதைப் பயனுறக் கழித்தற்குரிய கைவேலைகள் பலவுள. அவற்றுள் மரத்தினால் மாதிரிக் கப்பல் கட்டுதல் எம் மாணவரிடையே அதிகம் பயிலாத ஒன்று. அதனைப் பற்றி எழுதத் தமிழாசிரியன் ஒருவன் முன்வருவதேன் என வாசகர் வினவக்கூடும். விடையாக என் பிழையொன்றை முதற்கண் கூறுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கடற்கரையூரிலிருந்து வரும் மாணவனொருவன் தன் கட்டுரையில், "புயலில் அகப்பட்ட தோணியின் வங்கு முறிந்தது" என்று எழுதியிருந்தான். வங்கு என்பதற்குப் பொந்து என்ற பொருளையே நான் அறிந்திருந்தேன். பொந்து முறிவதெங்ஙனம்? சொல்லின் கீழ்ச் சிவப்பு மையாற் கோடிட்டுப் புள்ளியையுங் குறைத்தேன். மறுநாள் அவன் வந்து, "ஐயா, வங்கு என்றால் தோணியின் விலாவெலும்பு. எங்கள் அப்பு அப்படித்தான் சொல்லுவார்" என்று பணிவுடன் கூறினான். அகராதியைப் புரட்டினேன். பொந்து என்ற பொருளோடு அப்பொருளும் ஆங்கிருந்தது. புள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன், நாணம் நீங்கவில்லை. கலம், வங்கம், நாவாய், தோணி, ஓடம் எனப் பெயர்களை ஒப்புவிக்கச் செய்த யான், அவற்றுள் ஒன்றன் உடலமைப்பையேனும் அறிந்திலேன். அதனை அறியும் பொருட்டே மாதிரிக் கலங் கட்டத் தொடங்கினேன்.

இக்கலை புதியதன்று. எகிப்து நாட்டில் மெக்கெற்றே என்னும் உயரதிகாரியின் கல்லறையில் ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்ட மரப்படகு மாதிரிகள் 1920 ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டன. துடுப்பு வலிப்போரும், உடன்செல்லும் சமையற் படகும் அவற்றுட் காணப்படுகின்றன. 17 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்படைக் கப்பல்களுக்குச் செய்யப்பட்ட மாதிரிகள் பலவற்றில், அடிப்புறப் பலகைகளை அறையாது விட்டிருப்பர். வங்குகளின் வரிசை வெளியே தோன்றும். மறைந்து கிடக்கும் அமைப்பைக் கண்ணுக்குக் காட்டுவதே மாதிரியின் பயன் என்பதை அவற்றைச் செய்தோர் உணர்ந்திருந்தனர்.

இனிச் செய்முறையைக் கூறுவாம்.

முதலாவது, அளவு. மேற்கூறிய ஆங்கில மாதிரிகளுட் பல 48இல் ஒரு பங்காக அமைந்தவை. அதாவது ஓரடிக்குக் கால் அங்குலம். இவ்வளவின்படி 48 அடித் தோணி 12 அங்குலமாகும். ஆறடி மனிதன் ஒன்றரை அங்குலமாவான். ஒருமுறை கொண்ட அளவை இறுதிவரை மாற்றலாகாது.

இரண்டாவது, ஏராவும் வங்கும். ஏரா என்பது கலத்தின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு. அது நேராயிருத்தல் இன்றியமையாதது. உண்மைக் கலத்தில் வங்குகள் நெருங்கி நிற்கும். தொடக்கத்திற் பயில்வோர் அவற்றுக்குப் பதிலாக, ஒட்டுப்பலகையில் வெட்டிய பத்துப் பன்னிரண்டு குறுக்குத் தட்டுகளை ஏராவிற் பொருத்திக்கொள்ளலாம். நடுவிலுள்ள தட்டு அகன்றும், அணியத்தை நோக்கியவை வரவரக் குறுகியும் இருக்கும்.

மூன்றாவது, பலகை அடித்தல். தச்சுப்பட்டறையிற் கழிந்த தேக்குத் துண்டுகளைக் கால் அங்குல அகலமுள்ள மெல்லிய கீற்றுகளாக அறுத்து, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து ஒட்டுதல் வேண்டும். இங்கேதான் என் முதற் கலம் கெட்டது. ஆர்வ மிகுதியால் வலப்புறம் முழுவதையும் ஒரே மூச்சில் ஒட்டி முடித்தேன். ஈரம் உலரக் கீற்றுகள் சுருங்கி இழுத்தன. காலையிற் பார்த்தபோது ஏரா வில்லென வளைந்து கிடந்தது. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என மாறிமாறி ஒட்டியிருப்பின் இருபுற இழுப்பும் ஒத்து நின்றிருக்கும். மற்றொன்று: நடுவுடலின் சுற்றளவு பெரிது, அணியத்தின் சுற்றளவு சிறிது. ஆகலின் ஒவ்வொரு கீற்றையும் முனை நோக்கி ஒடுக்கிச் சீவாவிடின் ஒன்றன்மேலொன்று ஏறும்.

நான்காவது, இழைகளும் கயிறுகளும். மெய்க்கலத்தில் பலகைகளின் இடையே பஞ்சு திணித்து நீர் புகாமற் காக்கும் வேலை கலப்பற்று எனப்படும். மாதிரியில் கீற்றின் ஓரத்திற் கரிக்கோலைத் தேய்த்தால் அக்கோடு தோன்றும். பாய்மரம், பருமல், சுக்கான் ஆகியவற்றை அமைத்தபின், கயிறுகளுக்கான நூலைத் தேன்மெழுகில் இழுத்துக் கட்டினால் பிசிர் அடங்கும்.

இரண்டாவது கலம் ஒருவாறு நேராக வந்தது. அதனை எடுத்துக்கொண்டு அம்மாணவனின் பாட்டனாரைக் காணச் சென்றேன். அவர் பெருவிரலால் அதன் பக்கத்தைத் தடவி, "வாத்தியார், அணியத்திலே பலகை சரியாய்ப் படியேல்லை" என்றார். முன்பொருநாள் தோணியுறுப்புகளின் பெயர்களை நான் வெறுமனே வினவியபோது, "எல்லாம் மறந்து போச்சு" என்று சொன்னவர் அவரே. அன்றோ, விரல் பட்ட இடமெல்லாம் ஒரு பெயர் பிறந்தது. என் குறிப்பேட்டில் இரண்டு பக்கங்கள் நிரம்பின. நாவு மறந்ததை விரல் மறக்கவில்லை.

எம் கரையோரத்தில் இன்று கண்ணாடியிழைப் படகுகளே மிகுதியாக ஓடுகின்றன. அவை உழைப்பாளர்க்கு வசதியானவை, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அவற்றை வார்ப்பவனுக்கு வங்கு அடுக்கும் வேலையில்லை, கலப்பற்றும் வேண்டியதில்லை. பொருள் நீங்கினால் அதன் பெயரும் நீங்கும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் இருபாய்மரக் கலத்தை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கினார். புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றப்பெற்ற அக்கலம் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்தப் பெருமையைப் பேசாத விழா மேடை அரிது. அக்கலத்துக்கு ஏரா வைத்தோரின் சொற்களுள் எத்தனையை நாம் அறிவோம்?

ஆதலின், மாணவரே, பழைய மாணவரே, ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் தோணியொன்றை அளந்து, அதற்கு ஒரு மாதிரி கட்டுங்கள். கட்டியபின் வயது முதிர்ந்த கடலோடி ஒருவரின் கையில் அதனைக் கொடுத்து, அவர் சொல்லும் பெயர்களைச் சிறு சீட்டுகளில் எழுதி, உறுப்புத்தோறும் ஒட்டிக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். காலந் தாழ்த்தாதீர்கள், அப்பெயர்களை அறிந்தோர் நாளுக்குநாள் குறைந்து வருகின்றனர். என் சிவப்புக் கோடு போன்ற வேறொரு கோடு இனியொரு மாணவனின் ஏட்டில் விழாதிருக்க, அச்சீட்டுகள் உதவும்.