கூண்டு கூறும் பொருள்

முன்னுரை

புகை கண்டு நெருப்பையும், கருமுகில் கண்டு மழையையும் அறிகிறோம். இவை இயற்கைக் குறிகள். மக்கள் தமக்குள் உடன்பட்டு அமைத்துக்கொள்பவை செயற்கைக் குறிகள். புலவர் வாதுக்கு அழைக்கும் கொடி, நாவாய்க்கொடி, கள் விற்குமிடத்துக் கொடி எனக் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப் பட்டினப்பாலை வகைப்படுத்துகிறது. துணி ஒன்றாயினும் பொருள் வேறு. நம் வடசென்னைத் துறைமுகத்தில் ஏற்றப்பெறும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் இத்தகைய குறியே. அது பொருளுணர்த்தும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

வடிவும் நிறமும்

இந்தியப் பெருந்துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட எச்சரிக்கைகள் உள்ளன. பகலில் கூம்பும் உருளையுமாகிய வடிவங்கள் உயர்ந்த கம்பத்தில் ஏற்றப்பெறும். இரவில் செந்நிற, வெண்ணிற விளக்குகள் அப்பணியைச் செய்யும். பகலில் வடிவம் பேசுகிறது, இரவில் நிறம் பேசுகிறது, பொருள் மாறுவதில்லை.

எண் தரும் மயக்கம்

எண் உயருந்தோறும் புயலின் வலிமையும் உயரும் என்பது பலர் எண்ணம். இது முற்றும் பொருந்தாது. 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே நிலை ஆபத்தையே குறிக்கும். 8, 9, 10 ஆகியவை அதனினும் பேராபத்தைக் குறிக்கும். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் வேறுபாடு புயலின் வழியில் உள்ளது. புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடப்பின் 5 அல்லது 8. வலப்பக்கம் விட்டுக் கடப்பின் 6 அல்லது 9. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடப்பின் 7 அல்லது 10. ஆகவே இங்கு எண் அளவன்று, பெயரே எனலாம்.

இம்மயக்கம் உயிரோடு தொடர்புடையது. 2 என்பது சிறிய எண். ஆயினும் தொலைகடலில் புயல் உருவாகியுள்ளது, துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கலங்கள் ஆபத்தில் சிக்கக்கூடும் என்பதே அதன் பொருள். கரையிலிருப்பவருக்கு அது தொலைவுச் செய்தி. காசிமேட்டிலிருந்து கடலுக்குப் புறப்படும் மீனவருக்கோ தடுத்து நிறுத்தும் குரல். குறி ஒன்றே, காண்பவர் நிற்குமிடத்தால் அதன் கனம் மாறுகிறது.

முடிவுரை

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தது. அத்தகைய நாள்களில் நம்மில் பெரும்பாலோர் கூண்டைக் காண்பதில்லை. அதன் எண்ணைச் செய்தியில் கேட்கிறோம். குறி கண்ணைவிட்டுக் காதுக்கு வந்தபின் எண் மட்டும் எஞ்சுகிறது, பொருள் நழுவுகிறது. இறுதி எண்ணாகிய 11, வானிலை மையத்தோடு தொடர்பு அற்றதைக் குறிக்கும். செய்தி வாராமையும் ஒரு செய்தியே என உணர்ந்து அதற்கும் ஒரு குறி வகுத்துள்ளனர். கம்பத்தில் ஏற்றுவது துறைமுகத்தார் கடமை. பொருளறிந்து படிப்பது நம் கடமை. படிப்பாரின்றேல் கூண்டு வெறுங்கூண்டே.