கன்டெய்னருக்குள் தேக்கு பீரோ வைக்கலாமா?

கேள்வி: எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப்போகிறோம். தேக்கு பீரோ, கட்டில், மெத்தை, தையல் மிஷின், பாத்திரங்களை அதுவரை எங்காவது வைக்க வேண்டும். பழைய கன்டெய்னர் ஒன்றை வாங்கி மனையிலேயே நிறுத்தச் சொல்கிறார் கொத்தனார். சென்னையில் மாத வாடகைக்குச் சாமான் வைக்கும் கிடங்குகள் இருப்பதாக மகன் சொல்கிறான். எது நல்லது?
— வாசகி, கூனிமேடு

பதில்: கொத்தனார் சொல்வது பாதி சரி. கன்டெய்னர் வாங்குங்கள்; பீரோவையும் மெத்தையையும் மட்டும் அதில் ஏற்றாதீர்கள்.

காரணம் உங்கள் ஊர்க் காற்றுதான். ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியும். மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்பு தகட்டில் படிந்தால் மழையில்லாத நாளிலும் தகடு ஈரமாகவே கிடக்கும். கன்டெய்னர் இரும்பு துருப்பிடிக்காது என்பார் விற்பவர். மேலே படியும் துருவே கவசமாக இறுகுவதுதான் அந்த இரும்பின் சூட்சுமம். உப்புக் காற்று அதை இறுகவிடாது. பெயின்ட் உரிந்த இடமெல்லாம் அரிக்கும்.

உள்ளே நடப்பது இன்னும் மோசம். பகல் வெயிலில் பெட்டி கொதிக்கும்போது மரமும் பஞ்சும் தம் ஈரத்தைக் காற்றில் விடும். இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். வெளியே ஒரு துளி மழை இருக்காது. உள்ளே மெத்தை பூஞ்சணம் பிடித்திருக்கும். தரைப்பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள் என்பதால் அரிசி மூட்டையும் வேண்டாம்.

கம்பி, சென்ட்ரிங் பலகை, மோட்டார், டைல்ஸ், பித்தளை அண்டா இவற்றைப் பூட்டி வைக்க அதைவிட வசதி கிடையாது. வாங்குமுன் நடுப்பகலில் உள்ளே ஏறி நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். தாழ் போட வேண்டாம். ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது மழைக்கு வழி. கதவு ரப்பர் வெடித்திருந்தால் விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். 20 அடிப் பெட்டி காலியாகவே இரண்டேகால் டன் இருக்கும். டிரெய்லரும் ஹைட்ராவும் உங்கள் தெருவுக்குள் வருமா, மேலே மின்கம்பி குறுக்கிடுமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பாரம் நான்கு மூலைகளில் இறங்குவதால் அங்கே கான்கிரீட் திண்டு கட்டி நிறுத்த வேண்டும். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் 51 செ.மீ. கொட்டியதே, அதை மனத்தில் வைத்துத் திண்டை உயர்த்துங்கள்.

சென்னைக் கிடங்கு என்றால் லாரிக் கூலி இரண்டு முறை. அதற்குத் திண்டிவனம் பக்கம், கடலை விட்டு உள்ளே தள்ளி, ஓர் அறையை வாடகைக்கு எடுத்துவிடலாம். பீரோவைச் செங்கல்மேல், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் தாள் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்திப் புடவை போதும். தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடையுங்கள். வாரம் ஒருமுறை யாராவது போய் ஜன்னலைத் திறந்து வைக்கட்டும். நகையும் பத்திரமும் வங்கி லாக்கருக்குப் போகட்டும்.