மழை நம்ம கையில இல்ல, மருந்து நம்ம கையில

ஓம் சரவணபவ.

போன வாரம் எங்க தெருத் தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, ரீல்ஸ்ல ஸ்டோயிக், ஸ்டோயிக்னு வருதே, அது என்ன? கல்லு மாதிரி உணர்ச்சியே இல்லாம இருக்கறதா?" இந்த வாரப் பாடம் அதுதான்.

*முதல்ல நம்ம ஊர்*

எங்க அப்பா இருபது வருசமா சிவகாசிப் பக்கம் பயர் ஆபீஸ்ல மருந்து செலுத்துற வேலை பார்க்கிறார். தீபாவளிக்கு முன்னாடி மழை பிடிச்சுக்கிட்டா போச்சு. ஈரத்துல எதுவும் காயாது, வேலை நிக்கும், சம்பளம் குறையும். அம்மா வானத்தைப் பார்த்துத் திட்டுவாங்க. அப்பா பேசாம இருப்பார்.

ஆனா வேலை நடக்குற நாள்ல அவர் வேற ஆள். பருத்திச் சட்டைதான் போடுவார். செல்போனை வீட்டிலயே வெச்சுட்டுப் போவார். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கை வேகத்தைக் கூட்ட மாட்டார். கொஞ்சம் உராய்வு போதும், மருந்து பத்திக்கும். மழை அவர் கையில இல்ல. தன் கை எப்படி வேலை செய்யணும்ங்கிறது அவர் கையில இருக்கு.

*கிரேக்கத் திண்ணை*

ஸ்டோயிக் பாடத்தோட அடிப்படையும் இதேதான். கி.மு. 300 வாக்குல ஏதென்ஸ் நகரத்துல ஜீனோன்னு ஒருத்தர் இதைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சார். அவர் பாடம் நடத்தின தூண் வெச்ச தாழ்வாரத்துக்குப் பேரு ஸ்டோயா. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி, இடத்தோட பேரே தத்துவத்துக்கும் நின்னுடுச்சு.

சுமார் 1,900 வருசத்துக்கு முன்னாடி வாழ்ந்த எபிக்டீடஸ், ரோமாபுரியில அடிமையா இருந்தவர், கால் ஊனம் வேற. விடுதலையான பிறகு ஆசிரியரானார். அவரோட முதல் பாடம்: உலகத்துல உள்ளதை ரெண்டாப் பிரி. உன் எண்ணம், முடிவு, முயற்சி உன் கையில. உடம்பு, சொத்து, பேரு, பதவி முழுசா உன் கையில இல்ல. ரெண்டையும் குழப்பினாத்தான் வேதனை.

கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட பேரரசர் மார்கஸ் ஆரேலியஸ், போர்ப் பாசறையில உக்காந்து தனக்குத்தானே எழுதிக்கிட்ட குறிப்புகள்லயும் இதே பாடம்தான். அடிமைக்கும் அரசனுக்கும் ஒரே மருந்து! இன்னைக்கு மனநல ஆலோசனையில பயன்படுற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கினவங்களும் இவங்ககிட்ட கத்துக்கிட்டதா சொல்லியிருக்காங்க.

கல்லு மாதிரி இருக்கச் சொல்லலை, தம்பி. செனகான்னு இன்னொரு ஸ்டோயிக், நண்பன் செத்தா கண்ணீர் வரத்தான் செய்யும், அதுல மூழ்கிடாதேன்னுதான் எழுதினார்.

*திருச்சுழிப் பையன்*

நம்ம விருதுநகர் மாவட்டத் திருச்சுழியில 1879 டிசம்பர் 30 அன்னைக்குப் பிறந்தவர் ரமண மகரிஷி. காவ்யகண்ட கணபதி முனி அவரை முருகன் அவதாரமாவே பார்த்தார். 1896-ல, 16 வயசுல திருவண்ணாமலைக்குப் போயிட்டார். 1898-ல அம்மா அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வாப்பான்னு அழுதாங்க. அவர் காகிதத்துல எழுதிக் கொடுத்த பதிலோட சாரம்: அவரவர் வினைப்படி நடக்க வேண்டியது நடந்தே தீரும், அதனால மௌனமே நல்லது.

அப்போ எல்லாம் விதின்னு கையைக் கட்டிக்கிட்டு இருக்கலாமா? அவர் அப்படி இருக்கலை. விடியறதுக்கு முன்னாடியே ஆசிரமச் சமையலறையில உக்காந்து காய் நறுக்கினவர் அவர். 1924-ல திருடங்க புகுந்து அவரையே அடிச்சப்போ, திருப்பி அடிக்கக் கிளம்பின அடியார்களைத் தடுத்துட்டார். வந்த அடி அவர் கையில இல்ல. அதுக்கு என்ன பதில் செய்யறதுங்கிறது அவர் கையில இருந்துச்சு.

*நம்ம ஊர்ல நடக்கிற தப்பு*

சில வருசம் முன்னாடி எங்க தெரு அக்கா ஒருத்தவங்க வேலைக்குப் போய்த் திரும்பி வரலை. துக்க வீட்டுல எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை: "விதி." நானும் தலையாட்டினேன். இப்ப நினைச்சா உறுத்துது. பொதுவா ஒரு அறையில நாலு பேருக்கு மேல வேலை செய்யக்கூடாதுன்னு விதிமுறை இருக்கு. அன்னைக்கு அதுக்கு மேல இருந்தாங்கன்னு தெருவே பேசிச்சு. விதிமுறையை விட்டுட்டு விதியைச் சொல்றது பக்தியும் இல்ல, ஸ்டோயிக்கும் இல்ல. கையில இருந்ததை, கையில இல்லாததா மாத்திச் சொல்றோம், அவ்வளவுதான்.

*இந்த வாரப் பயிற்சி*

1. ராத்திரி படுக்கும் முன்னாடி, மனசை அரிக்கிற ஒரு விசயத்தை எழுதுங்க.
2. நடுவுல கோடு போட்டு ரெண்டாப் பிரிங்க. எனக்கு: அப்ரைசல் ரேட்டிங் என் கையில இல்ல. நான் எழுதுற கோடை ஒழுங்கா டெஸ்ட் பண்றது என் கையில.
3. கையில இருக்கிறதுல ஒண்ணை மறுநாளே செய்ங்க.
4. விதின்னு ஒதுக்கினதை மறுபடி பாருங்க. அதுல உங்க பங்கு எதாவது ஒளிஞ்சிருக்கா?

மழை நிக்கணும்னு முருகன்கிட்ட கேளுங்க, தப்பில்ல. கூடவே, வேலை நடக்குற நாள்ல கை நிதானமா இருக்கவும் கேளுங்க. உங்க வீட்டுல யாராவது பயர் ஆபீஸ் போறாங்கன்னா, இதை இன்னைக்கே அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

முருகா சரணம்.