‘தலைமறைவாதல்’: சொற்பொருளும் வழக்கும்

முன்னுரை

ஒருவர் பிறர் அறியாமல் நீங்குவதைக் குறிக்கத் தமிழில் ஓடிப்போதல், தப்பியோடுதல், தலைமறைவாதல் முதலிய சொற்கள் வழங்குகின்றன. பேச்சுவழக்கில் ‘கம்பி நீட்டுதல்’ என்பதும் உண்டு. இவை ஒருபொருட் பன்மொழிகளாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. இவற்றுள் ‘தலைமறைவாதல்’ ஓட்டத்தை அன்றி மறைவையே முதன்மைப் பொருளாக உடையது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தொடரமைப்புச் சான்றுகள்

‘சிறையிலிருந்து தப்பியோடினான்’ என்பது இயல்பான தொடர். இங்கு வினை, நீங்கும் இடத்தை அவாவி நிற்கிறது. ‘சிறையிலிருந்து தலைமறைவானான்’ என்பது அவ்வாறு இயல்பாக அமைவதில்லை. கால அளவை ஏற்பதிலும் இவ்வேறுபாடு புலப்படும். ‘மூன்று ஆண்டுகள் தலைமறைவாக இருந்தான்’ என்பர். ‘மூன்று ஆண்டுகள் தப்பியோடினான்’ எனக் கூறுவதில்லை. எனவே, தப்பியோடுதல் ஒரு நிகழ்ச்சியைச் சுட்ட, தலைமறைவு நீடிக்கும் நிலையைச் சுட்டுகிறது. ‘ஆதல்’ அந்நிலையின் தொடக்கத்தையும் ‘இருத்தல்’ அதன் தொடர்ச்சியையும் உணர்த்துகின்றன.

அக இலக்கண மரபில் ‘கொண்டுதலைக்கழிதல்’ எனவும் ‘உடன்போக்கு’ எனவும் வழங்கும் துறையிலும் பிறர் அறியாது செல்லுதல் உண்டு. எனினும், தலைவன் தலைவியைக் கொண்டு செல்லுதலே அங்குப் பெயருக்குரிய பொருள். மறைவு அதன் சூழல் மட்டுமே.

சட்ட வழக்கு

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, பிடியாணையை நிறைவேற்ற இயலாதவாறு ஒருவர் தலைமறைவாகிவிட்டார் அல்லது தம்மை ஒளித்துக்கொண்டிருக்கிறார் என நீதிமன்றம் நம்பக் காரணம் இருத்தலை முன்நிபந்தனையாக்கியது. அதன்பின்னரே, குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து, அவரை முன்னிலையாகக் கோரும் அறிவிப்பை வெளியிட இயலும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 84ஆம் பிரிவும் இதனையே பின்பற்றுகிறது. ஊரை விட்டு நீங்குதல் இங்குக் கட்டாயமன்று. தன் வீட்டிலேயே ஒளிந்திருப்பவரும் தலைமறைவானவரே. பிடியாணை பிறந்ததை அறியாமல் தொழில் நிமித்தம் வெளியூர் சென்றவர் அவ்வாறாகார். வேறுபடுத்துவது தொலைவு அன்று, ஒளியும் கருத்தே.

அரசியல் வழக்கு

1940களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டபோது, ப. ஜீவானந்தம் முதலியோர் வாழ்ந்த வாழ்வு ‘தலைமறைவு வாழ்க்கை’ எனப்பட்டது. அங்கு இச்சொல் இழிவு ஏற்கவில்லை. 1908இல் புதுச்சேரி சென்ற பாரதியார், ‘இந்தியா’ இதழை அங்கிருந்து வெளிப்படையாக நடத்தினார். அவர் நிலையைப் புகலிட வாழ்வு எனலாமேயன்றித் தலைமறைவு எனல் பொருந்தாது. நீங்குதல் இருந்தும் மறைவு இன்மையே காரணம்.

முடிவுரை

தலைமறைவு என்பது தேடப்படுதலையும் அதை அறிந்து ஒளிதலையும் ஒருங்கே வேண்டும் சொல். ‘குற்றவாளி தலைமறைவு’ என்னும் செய்தித் தலைப்பு, தீர்ப்புக்கு முன்பே குற்றத்தை முடிவு செய்வதோடு, வெறுமனே காணப்படாதவர் மீது ஒளியும் கருத்தையும் ஏற்றிவிடுகிறது. அக்கருத்துக்குச் சான்று இல்லாதவிடத்து ‘தேடப்படுகிறார்’ என எழுதுவதே சொற்பொருளுக்கும் நீதிக்கும் இயைந்தது. அகராதிகளும் ‘ஓடிப்போதல்’ எனப் பொருள் கூறுவதோடு அமையாது, மறைந்திருக்கும் நிலையை முதற்பொருளாகத் தருதல் வேண்டும்.