நோய்த்தொற்றுக் காலத்தில் ரண சிகிச்சை பயில்வோருக்கு

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவக் கிராமங்களைச் சார்ந்த காட்டூரில் பிறந்த நான், சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் ரண சிகிச்சையில் முதுகலைப் பயிற்சி பெற்றுவந்தபோதுதான் கொரோனாப் பெருந்தொற்று வந்து சேர்ந்தது. 2020 மார்ச் 25இல் நாடெங்கும் ஊரடங்கு அமலாயிற்று. ஓமந்தூரார் தோட்டத்துப் பன்னோக்கு மருத்துவமனை கொரோனா நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. எங்கள் வார்டுகளிலும் அவசரமில்லாத சிகிச்சைகள் யாவும் நின்றன. குடலிறக்கம், விரைவீக்கம், பித்தப்பைக் கல் முதலியவையே, ஆசிரியர் அருகில் நிற்க, மாணவன் முதன்முதலாகக் கத்தியைக் கையில் எடுக்கும் சந்தர்ப்பங்களாதலால், நோயாளியின் நிவாரணத்தோடு மாணவனின் பாடமும் தள்ளிப்போயிற்று. தொற்று உச்சத்திலிருந்த 12 வாரங்களில் உலகெங்கும் சுமார் 2 கோடியே 84 லட்சம் அறுவைச் சிகிச்சைகள் இவ்வாறு ரத்தாகவோ தள்ளிப்போகவோ கூடுமென்று கோவிட்சர்ஜ் என்னும் சர்வதேச ஆய்வுக் குழு மதிப்பிட்டது. அக்காலத்தில் நான் கற்றவற்றை, இனி வரும் மாணவர்களுக்குப் பயன்படக்கூடும் என்ற நம்பிக்கையுடன் இங்கே தருகிறேன்.

முதலாவது, குறைந்திருக்கும் வாய்ப்பை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது. எங்கள் ஏரியில் மீன்பிடிக்கும் இடங்கள் அனைவருக்கும் ஒரே நாளில் போதாதென்பதால், உரிமையுடையோர் முறைப்படி இறங்கும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு தலைமுறைகளாக நிலவிவருகிறது. அவ்வண்ணமே, இரவில் வரும் குடல்வால் அழற்சியும் குடல் ஓட்டையும் யார் கைக்குரியவை என்பதை யூனிட்டில் முன்கூட்டியே நிர்ணயித்துக்கொண்டால், முந்திக்கொள்பவர் மட்டுமே தேர்ச்சி பெறும் அநீதி நேராது.

இரண்டாவது, கையை அப்பியாசம் இல்லாமல் விடக்கூடாது. வலைக்குப் பயன்படும் நைலான் இழையும் தோலைத் தைக்கும் நைலான் இழையும் ஒரே இனத்தவை. வழுக்கும் அந்த இழையில், ஈரக் கையுறையுடன், வலக்கையாலும் இடக்கையாலும் முடிச்சு நழுவாமல் போடப் பழகலாம். ஓர் அட்டைப் பெட்டியும் செல்போன் கேமராவும் இருந்தால் லேப்ராஸ்கோப்பிக் கருவிகளைக் கையாளவும் விடுதி அறையிலேயே பயிலலாம்.

மூன்றாவது, வந்த வேலையை முழுமையாகக் கற்றுக்கொள்வது. வயிற்றில் நிரப்பும் வாயுவின் வழியே கிருமி பரவுமோ என்ற அச்சத்தால் தொடக்கத்தில் லேப்ராஸ்கோப்பி பல இடங்களில் தவிர்க்கப்பட்டபோது, வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறைகளை நாங்கள் நன்கு பயின்றோம். கொரோனா வார்டில் பிராணவாயுவின் அளவைக் கண்காணித்து நின்ற இரவுகள், சிகிச்சைக்குப் பின் நோயாளியின் மூச்சு தளர்வதை விரைவில் கண்டுகொள்ளும் பயிற்சியாயின. தொற்று கண்டவருக்கு, அவசரமில்லையேல், 7 வாரமேனும் கடந்தபின் சிகிச்சை செய்வதே நலம் என்ற அன்றைய ஆய்வு முடிவு, பொறுத்திருப்பதும் ரண வைத்தியரின் கடமைகளில் ஒன்றென்று உணர்த்திற்று.

நான்காவது, செய்தவற்றையும் உதவியாக நின்றவற்றையும் தனித்தனியே குறிப்பேட்டில் எழுதி, எதில் அனுபவம் குறைவென்பதை ஆசிரியரிடம் தயங்காமல் கூறுவது. பட்டம் கைக்கு வந்தபின் அக்குறையை நிறைப்பது மிகக் கடினம்.

மாணவரால் மட்டும் ஆகாத காரியங்களும் உண்டு. 2021 ஏப்ரலில் நடக்கவேண்டிய முதுகலை நுழைவுத் தேர்வு செப்டம்பர் 11இல்தான் நடந்தது; கலந்தாய்வோ 2022 ஜனவரியில்தான் தொடங்கிற்று. புதியவர் வராத அம்மாதங்களில் இரண்டு ஆண்டுகளின் மாணவர்களே மூன்று ஆண்டுகளின் மாணவர்களுக்குரிய சுமையைத் தாங்கினர். அவர்களுக்கு வேலை நேரம் பெருகிற்று, கற்கும் நேரம் சுருங்கிற்று.

ஆகவே, ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இரவும் பகலும் திறந்திருக்கும் பயிற்சிக்கூடம் ஒன்று வேண்டும். கழிந்த மாதங்களைக் கணக்கிடுவதோடு, கை பெற்ற தேர்ச்சியையும் அளந்து பட்டம் வழங்கவேண்டும். பொன்னேரிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறி, எங்களை நம்பி வந்து படுக்கும் ஏழை மீனவருக்கு நன்கு பயின்ற கையே பாதுகாப்பு. அடுத்த தொற்று வருமுன் அதற்கான ஏற்பாடுகளை அரசும் கல்லூரிகளும் செய்யவேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.