வசனத்துக்கும் நான்கெல்லை உண்டு

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை கைக்கு வரும். திண்டுக்கல் வட்டாரத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம் எரேமியா 29:11. தம் மக்களுக்குக் கடவுள் நினைத்திருப்பது கேடு அல்ல, நல்ல எதிர்காலம் என்று சொல்லும் வசனம். நிலைக்கு மேலே ஒட்டி, ஆண்டு முழுக்க அதைப் பார்த்தே வீட்டைவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை பெரியது. பெரியது என்பதாலேயே அதன் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அகரம், தாடிக்கொம்பு பக்கம் கால் காணி வாங்குகிறவர்கூடப் பத்திரத்தில் நான்கெல்லை பார்க்காமல் முன்பணம் கொடுக்கமாட்டார். வசனத்துக்கும் அப்படி எல்லைகள் உண்டு. அவற்றைப் பார்க்கும் முறையை இந்த ஒரே வசனத்தை வைத்துப் பழகலாம். இதில் கை பழகிவிட்டால் மற்ற பகுதிகளும் வசப்படும்.

இரண்டு மொழிபெயர்ப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடுகளில் இருக்கும் பழைய பரிசுத்த வேதாகமம். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வந்தது. மற்றது கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம். அமெரிக்க மதுரை மிஷன் 1835இலேயே திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டது; கத்தோலிக்கர் அதற்கும் முந்தியவர்கள். ஆகையால் இந்த ஊர்களில் நம் வீட்டில் ஒன்று இருந்தால் மற்றது அடுத்த தெருவில் இருக்கும். கேட்டு வாங்குங்கள். பழையதில் 2 இராஜாக்கள் என்பது புதியதில் 2 அரசர்கள், சங்கீதம் என்பது திருப்பாடல்கள். தேடும்போது இது நினைவிருக்கட்டும். கூடவே ஒரு நோட்டும் பென்சிலும். விளக்கவுரைப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

முதல் வேலை, முழுவதையும் வாசிப்பது. எரேமியா 29ஐ மட்டுமல்ல, 27இலிருந்து 29 முடிய வாய்விட்டு ஒரே மூச்சில் வாசியுங்கள். எண்களைக் கண்டுகொள்ளாதீர்கள். இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களைக் கொடுத்தவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர், 1551இல். எழுதியவர்கள் எண் போட்டு எழுதவில்லை. நடுவில் தடித்த எழுத்தில் வரும் தலைப்புகளும் பதிப்பாளர்கள் சேர்த்தவையே.

இப்படி வாசித்தால் முதலில் தெரிவது, 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம் என்பது. அடுத்த வேலை அங்கேதான் தொடங்குகிறது. யார் எழுதியது, யாருக்கு, எப்போது, எதற்கு என்று நான்கு கேள்விகளை நோட்டில் எழுதிப் பகுதிக்குள்ளேயே விடை தேடுங்கள். எழுதியவர் எருசலேமில் இருக்கும் எரேமியா. பெற்றவர்கள், நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன மக்கள். கி.மு. 597இல் அரசனும் அவன் தாயும் தச்சரும் கொல்லரும் கொண்டுபோகப்பட்ட பிறகு எழுதப்பட்டது. எதற்கு என்ற கேள்விக்கு விடை முந்தைய அதிகாரத்தில் இருக்கிறது. அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று அறிவித்தான். எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தான். கேட்டவர்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! கடவுள் அவனை அனுப்பவில்லை என்றார் எரேமியா. அந்த ஆண்டே அவன் இறந்தான்.

கடிதமோ வேறு செய்தி சொல்கிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், சிறை கொண்டுபோன அந்த நகரத்தின் நலனுக்காகவே மன்றாடுங்கள். காரணம், திரும்பிவர 70 ஆண்டு ஆகும். நாம் அட்டையில் வாசிக்கும் வசனம் இதற்கு அடுத்த வரி. 10ஆம் வசனத்தை விட்டுவிட்டு 11ஐ மட்டும் எடுத்தால், எரேமியா மறுத்த அனனியாவின் செய்தியையே எரேமியாவின் வாயில் வைத்துவிடுகிறோம். கடிதத்தைக் கேட்டபோது முப்பது வயதானவர் சொந்த ஊரை மறுபடி காண்போம் என்று எண்ணியிருக்க வழியில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் நல்ல எதிர்காலம் என்று சொல்லப்பட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் கடவுள் தனி ஆளிடம் பேசும்போது 'நீ' என்பார். இங்கே 'நீங்கள்'. அது மரியாதைப் பன்மை அல்ல, ஒரு சமுதாயம் முழுவதையும் அழைக்கும் பன்மை.

மூன்றாவது, இது எந்த வகை எழுத்து என்று தெரிந்துகொள்வது. கடிதத்தைக் கடிதமாக, பாட்டைப் பாட்டாக, உவமையை உவமையாக வாசிக்க வேண்டும். நீதிமொழிகள் உலக நடப்பைப் பார்த்து முன்னோர் சொன்ன பொது உண்மைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் அல்ல. பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் பழக்கினால் முதுமையிலும் விடமாட்டான் என்ற கருத்துள்ள 22:6ஐ எடுத்து, மகன் குடியில் விழுந்ததற்குத் தாய்தான் காரணம் என்று ஜெபக்கூட்டத்தில் பேசுகிறவர்கள் உண்டு. அது அந்தத் தாய்க்குச் செய்யும் அநியாயம். இப்படிப் பேசுகிறவர்கள் யோபு புத்தகத்தையும் வாசிக்க வேண்டும். துன்பப்படுகிறவனிடமே குற்றம் தேடிய நண்பர்களைக் கடவுள் அங்கே கண்டிக்கிறார். உவமைக்கு வந்தால், யார் கேட்க அது சொல்லப்பட்டது என்று பாருங்கள். லூக்கா 15இன் முதல் இரண்டு வசனங்களைத் தாண்டிப் போனால், வயலிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிடும் மூத்த மகன் எதற்காகக் கதைக்குள் வருகிறான் என்பது விளங்காது.

அடுத்தது, வேதத்தின் மற்றப் பகுதிகளைச் சாட்சிக்கு அழைப்பது. ஒத்தவாக்கியங்கள் ஓரத்தில் அச்சிட்ட பைபிள் இருந்தால் எளிது. இந்தக் கடிதத்துக்கு 2 இராஜாக்கள் 24 பின்னணி தரும். சங்கீதம் 137 அந்த மக்களின் அழுகையைக் காட்டும். தானியேல் 9:2ஐ விட்டுவிடாதீர்கள். பாபிலோனில் முதியவராகிவிட்ட தானியேல், எரேமியா சொன்ன 70 ஆண்டைப் புத்தகங்களில் வாசித்து உணர்ந்து, உபவாசத்தோடு மன்றாடத் தொடங்குகிறார். வேதத்துக்குள்ளேயே ஒருவர் வேதத்தை வாசிக்கும் காட்சி இது. வாசித்தவர் அட்டையை ஒட்டிவிட்டு உட்காரவில்லை. சமுதாயத்தின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிட்டார்.

இதற்குப் பிறகுதான் நமக்கு என்ன என்ற கேள்வி. அன்று கேட்டவர்களுக்கு ஒருபோதும் பொருந்தியிருக்க முடியாத அர்த்தத்தை நமக்கென்று உண்டாக்கக் கூடாது. மூன்று மாதத்தில் வேலை கிடைக்கும் என்று இந்தக் கடிதம் சொல்லவில்லை. நாள் தள்ளிப்போனாலும் கடவுள் தம் மக்களை மறந்துவிடவில்லை, காத்திருக்கும் காலத்தில் இருக்கும் ஊருக்கு நன்மை செய்யுங்கள் என்று சொல்கிறது. திருப்பூருக்குப் பிழைக்கப் போனவருக்கு அது திருப்பூர். நமக்கு இது முத்தாலம்மன் திருவிழா நடக்கும் இதே அகரம். எல்லாத் தெருவுக்கும் குடிநீர் வரவும் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கவும் ஜெபிப்பதும் உழைப்பதும் இந்தக் கடிதத்துக்கு நேரான கீழ்ப்படிதல்.

நோட்டில் உங்கள் விடைகளை எழுதி முடித்த பிறகு விளக்கவுரையைத் திறவுங்கள். ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டை ஒப்பிடுங்கள். எழுதியவர் எந்தச் சபை மரபில் நின்று பேசுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆழமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தூரமில்லை. கத்தோலிக்கர்களுக்குத் திண்டிவனத்தில் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது.

தனியாகப் படித்ததை நாலைந்து பேரோடு ஒருமுறை பேசிப் பாருங்கள். சபை வித்தியாசம் இருந்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்கட்டும். எழுத்தறியாத பாட்டி ஒருவர் இருந்தால் அவரை முதலில் பேச விடுங்கள். பாபிலோனில் இந்தக் கடிதத்தைப் பெற்றவர்களிலும் பலர் அதைக் காதால்தான் கேட்டிருப்பார்கள். எரேமியாவை முடித்ததும் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தை எடுங்கள். நான்கே அதிகாரம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் எழுதிக்கொடுக்கும் 4:13, விலங்கோடு இருந்த ஒருவர் பசியையும் நிறைவையும் பற்றிப் பேசும் இடத்தில் வருகிறது. அதன் நான்கெல்லையை நீங்களே கண்டு எழுதுங்கள்.