‘அற்’ என்றால் சந்தையடி

நம்பிக்கை: ஆங்கிலத்தில் சின்ன ஊருக்கு ‘அற்’ (at), பெரிய ஊருக்கு ‘இன்’ (in).

உண்மை: ரென்–மார்ட்டின் இலக்கணப் புத்தகம் வழியாக ரியூசன் கொட்டில்வரை வந்து சேர்ந்த விதி இது. இதை நம்பிப் பரீட்சையில் பிழைவிட்ட பிள்ளைகள் ஏராளம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி சின்ன ஊர்தான். ஆனாலும் இங்கே குடியிருப்பவர் ‘இன் திருநெல்வேலி’ என்றே சொல்லவேண்டும். ஊருக்குள் அல்லவா வாழ்கிறார்? அநுராதபுரம் பெரிய நகரம். யாழ்தேவி ரயில் அங்கே தரித்துச் செல்வதைச் சொல்லும்போது ‘அற்’ வருகிறது, பயணத்தில் அந்த நகரம் ஒரு புள்ளி மட்டுமே என்பதால். ஊரின் பருமன் கணக்கில்லை. பேசுபவர் அதைப் புள்ளியாகப் பார்க்கிறாரா, உள்ளிடமாகப் பார்க்கிறாரா என்பதே கணக்கு.

இந்த வேறுபாடு எங்கள் வாயிலேயே இருக்கிறது. “எங்க நிக்கிறாய்?” என்று போனில் கேட்டால், “சந்தையடியில நிக்கிறன்” என்கிறோம். மரக்கறிக் குவியல்களுக்கு நடுவில் நின்றால், “சந்தைக்குள்ள நிக்கிறன்.” முன்னது ‘அற்’, பின்னது ‘இன்’. ‘அடி’ சிலவேளை ‘பக்கத்தில்’ என்றும் பொருள்படும். ஆகவே எல்லா இடத்திலும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

நம்பிக்கை: பல்கலைக்கழகத்துக்குள் இருந்து படிப்பதால் ‘இன்’தான் சரி.

உண்மை: பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர், விடுமுறைக்கு வவுனியாவில் இருந்தாலும் அதன் மாணவர்தான். அந்த உறவைச் சொல்ல ‘அற்’. நூலகக் கட்டடத்துக்குள் இருக்கிறேன் என்பதற்கு ‘இன்’.

நம்பிக்கை: ‘ஒன் த வீக்கெண்ட்’ (on the weekend) பிழை.

உண்மை: லண்டன் மச்சாள் ‘அற்’ என்பாள், ரொறன்ரோ மச்சான் ‘ஒன்’ என்பான். இரண்டும் சரி.

நம்பிக்கை: தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்’, அதனால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு ‘அற்–இன்’ வேறுபாடு பிடிபடுவதில்லை.

உண்மை: இந்தப் பேச்சைக் கேட்கும்போது மனம் நோகிறது. நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகள் சொல்கிறது. ‘இல்’ அவற்றில் ஒன்று மட்டுமே. ‘மேல்’, ‘கீழ்’, ‘உள்’, ‘புறம்’ எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இடத்தை நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லும் மொழியில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

ஆசிரியர்களே, அடுத்த ‘அற்–இன்’ பாடத்துக்கு முன் ‘சந்தையடி’, ‘சந்தைக்குள்’ என்ற இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதுங்கள்.